ஊஞ்சல் தாழும் இடம்

என் மனைவியின் குரலை அவளுக்குத் தெரியாமல் திருத்தினேன். திருத்திய குரலை, அதுதான் உம்முடைய குரல் என்று அவளிடமே சொன்னேன். அதனால் அவள் ஊர் முன்னால் பாட முடியாமல் நின்றபோது, பிழையை ஒலிபெருக்கிக்காரர் மேல் போட்டேன். மூன்றையும் செய்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

முப்பது வருடங்களுக்கு மேல் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் கனடாவிலிருந்து வந்த மகள் ஒரு மைக், ஒரு ஹெட்போன், மைக்கைக் கணினியோடு இணைக்கும் உள்ளங்கையளவு பெட்டி ஒன்று எல்லாவற்றையும் கொண்டுவந்து தந்தாள். யூரியூப்பில் பாடம் நடத்தலாம் என்று ஒருநாள் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். பாடம் நடத்தவில்லை. என் குரலை முதல்தடவை ஹெட்போனில் கேட்டதுமே அந்த ஆசை விட்டுப்போயிற்று. இத்தனை வருடமும் பிள்ளைகள் இதையா சகித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒலிப்பதிவு என்ற வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிக் காட்டிய அலை, இப்போது திரையில் உயிரோடு ஓடியது. பக்கத்து வளவு நாய் குரைத்தால் அது ஒரு வடிவம். குசினியில் சட்டி விழுந்தால் அது இன்னொரு வடிவம். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பென்சன் எடுத்த மனுசர் தோட்டம் கொத்துவினம். இவர் வயரைப் பிடிச்சுக் கொத்துறார்" என்று மனைவி மகளிடம் முறைப்பாடு சொல்வாள். அப்படிச் சொல்லிக்கொண்டே எனக்குத் தேநீர் வைப்பாள். மேசையில் அல்ல, நிலத்தில். பெட்டியின் மேல் கொட்டிவிடக் கூடாது என்று அவளே கண்டுபிடித்த ஏற்பாடு அது.

ஒலிப்பதிவு அறையில் எதிரொலி இருக்கக் கூடாது என்று இணையத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். முட்டை அடுக்கும் மட்டைகளைச் சுவரில் ஒட்டினால் போதுமாம். கிளிநொச்சிச் சந்தையில் கடை கடையாகக் கேட்டு வாங்கி, எங்கள் சிறிய அறையின் நான்கு சுவர்களிலும் ஒட்டினேன். அந்த நாட்களில்தான் ஒலிபெருக்கிக்காரர் முதல்தடவையாக வீட்டுக்கு வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம். சிறு வயதில் பெற்றோருடன் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே அம்பிளிஃபயர் திருத்தப் பழகி, நாற்பது வயதையொட்டித் திரும்பி வந்து கடை போட்டவர். கோயில், தேவாலயம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் சவுண்ட் போடுவார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்த என் மனைவி, "அவ்வளவு சனத்துக்குள்ளையும் அந்த மனுசன் போட்ட சத்தம் காதைக் குத்தேல்லை" என்று வந்து சொல்லி, எங்கள் ஸ்கந்தபுரத்துப் பிள்ளையார் கோயிலுக்கும் அவரையே பிடிக்கவைத்தாள். கோயிலில் வயர் இழுத்துக்கொண்டு நின்றவரை நான்தான் என் அறையைப் பார்க்கக் கூட்டிவந்தேன்.

அறைக்குள் வந்து நான்கு சுவரையும் பார்த்தார். "கோழி எங்கை சேர்?" என்றார்.

மனைவி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

பிறகு அவர் கையை ஒருதரம் தட்டினார். அறை திருப்பித் தட்டியது. "மட்டையிலை பிரயோசனம் இல்லை சேர். பாரமான சாமான் வேணும்." வெளியே வந்து, எங்கள் முன் கூடத்தில் நின்று மறுபடி கை தட்டினார். சத்தம் அந்த இடத்திலேயே செத்தது. கூடத்தின் மூன்று பக்கமும் தோளுயரத்துக்கு நெல் மூடைகள். மாசியில் வெட்டிக் காயவைத்து அடுக்கியவை. "உங்கடை ஸ்டூடியோ இதுதான். ஒரு சதமும் செலவில்லை. நெல்லை மட்டும் விக்காதேங்கோ."

அன்று முதல் எங்கள் ஸ்டூடியோவுக்குப் பருவம் வந்தது. அறுவடை முடிந்ததும் நல்ல பதிவு. வியாபாரி லொறியோடு வந்து ஏற்றிப்போகப் போக எதிரொலி கூடும். ஆடி மாதத்தில் கூடம் கிணறு போல இருக்கும். நான் விதைப்பைப் பற்றி அக்கறையோடு விசாரிக்கத் தொடங்கியதைப் பார்த்து மனைவி முதலில் மகிழ்ந்தாள். காரணம் தெரிந்ததும் மகிழ்ச்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

இனி அவள் பாடிய பாட்டு. எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா முடிகிற நாளில் சாமியை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் சொந்தமாக ஊஞ்சற்பாட்டு இருக்கும். பத்துப் பாட்டு; ஒவ்வொன்றும் 'ஆடீர் ஊஞ்சல்' என்று முடியும்; அந்தக் கடைசி அடியைக் கூடி நிற்கும் பெண்களும் பாடுகிறவரோடு சேர்ந்து பாடுவார்கள். எங்கள் பிள்ளையாருக்கு அந்தப் பாட்டுகளைக் கட்டியவர் என் மாமனார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்தவர். பிள்ளையார் அப்போது ஓலைக் கொட்டிலில் இருந்தார். குளத்தையும் வாய்க்காலையும் வேலி பிரிக்கும் யானையையும் பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தார் மாமனார். பாட்டு எழுதிய கொப்பி போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டது. பாட்டு என் மனைவியின் மனத்தில் மட்டும் இருந்தது. கோயில் திரும்பக் கட்டி, திருவிழா மறுபடி தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவள்தான் பாடுவாள். கூட்டம் கூடிக்கொண்டு வந்தது. பாட்டைப் புதிதாகக் கேட்கிறவர்களே அதில் அதிகம்.

"இதைப் பதிஞ்சு வைப்பம்" என்றேன். உண்மையாகவே அன்போடுதான் சொன்னேன்.

மூன்று நாள் பதிந்தோம். முதல் நாள் பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் ஓடியது. இரண்டாம் நாள் மோட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தால், கூரையில் மயில் வந்து நின்று கத்தியது. நான் தடியோடு எழும்பினேன்.

"கலைக்காதேங்கோ. பிள்ளையாற்றை பாட்டுக்கு அவற்றை தம்பி வாகனத்தை அனுப்பியிருக்கிறார்."

"வாகனத்தை வெளியாலை நிப்பாட்டச் சொல்லும்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு பதிவில் விழுந்தது. மூன்றாம் நாள் பத்துப் பாட்டும் ஒரே இருப்பில் பாடி முடித்தாள்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. பாடுகிறவரின் சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு கருவி என் மென்பொருளில் இருந்தது. கோடு எங்கே விலகுகிறதோ அங்கே இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். அவள் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். 'ஊஞ்சல்' என்ற சொல் வருகிற இடத்தில் கோடு கீழே இறங்கியிருந்தது. சுருதிக்குக் கீழே தொட்டு, மெதுவாக மேலே ஏறி, பிறகுதான் சரியான இடத்தில் நின்றது. வயது போகிறது, மூச்சுக் காணாது என்று நினைத்தேன். பத்துப் பாட்டிலும் அப்படியே இருந்தது. ஒரே இடத்தில், ஒரே அளவில்.

ஆய்வுகூடத்தில் ஒரு மாணவன் பத்து வாசிப்புகளைக் கொண்டுவந்து, பத்திலும் ஒரே விலகல் இருந்தால், "தம்பி, இது கைப்பிழை இல்லை, காரணத்தைத் தேடும்" என்று சொல்லியிருப்பேன். இங்கே காரணத்தைத் தேடவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. அவள் பத்தடி தள்ளிக் குசினியில்தான் இருந்தாள். ஒலியின் மீடிறன், அதிர்வு பற்றி எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்பதுதான் என் எண்ணம். பத்து இடத்தையும் நேராக்கினேன். கையோடு கையாக மூச்சு வாங்கும் சத்தங்களையும் வெட்டினேன். திருத்தியதை மூலப்பதிவின் மேலேயே சேமித்தேன். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் விடும் பிழை என்று பிறகு படித்தேன். மூலப்பதிவு அத்தோடு போயிற்று.

ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டேன். ஈரக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கதிரை நுனியில் இருந்து கேட்டாள்.

"இது நானோ?"

"பின்னை ஆர்?"

"வடிவாயிருக்கு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "என்ரை அப்பா கேட்டிருக்க வேணும்" என்றாள். சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. வாய் திறக்கவில்லை. அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பதிவை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். கனடா, லண்டன் எல்லா இடத்திலிருந்தும் பாராட்டு வந்தது. கோயில் செயலாளர் பென் டிரைவில் வாங்கிப்போய், ஆனித் திருவிழா பத்து நாளும் காலையும் மாலையும் போடுவித்தார். கூடப் பாடும் பெண்கள் அதைத் தங்கள் போனில் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். போன வருடம்வரை அவள் வாயைப் பார்த்துப் பாடியவர்கள் அவர்கள்.

ஊஞ்சல் நாள் வந்தது. பின்னேரம், பொழுது சாயும் நேரம். ஐயர் ஊஞ்சலில் கை வைத்தார். மனைவி மைக்கின் முன் நின்று முதற்பாட்டைப் பாடினாள். 'ஊஞ்சல்' என்ற இடத்தில் வழக்கம்போலக் கீழே தொட்டு ஏறினாள். பின்னால் நின்ற பெண்கள் இருபது பேரும் ஒரே நேராகப் பாடினார்கள். இரண்டும் மோதின. அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் பாட்டில் அவர்களோடு சேர்ந்து நேராகப் பாட முயன்றாள், வரவில்லை. மூன்றாம் பாட்டில் எந்த இடத்தில் ஏறுவது என்று தெரியாமல் தடுமாறி, இருமி, நிறுத்திவிட்டாள். யாரோ ஒரு பெண், "வட்ஸ்அப்பிலை நல்லாத்தானே பாடினவா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

செயலாளர் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து, பதிவைப் போடச் சொல்லிக் கையால் காட்டினார். ஒலிபெருக்கிக்காரர் போடவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அவளுடைய குரல் நாலு பக்கப் பெட்டிகளிலும் எழும்பியது. பிசிறில்லாமல், மூச்சில்லாமல். ஐயர் ஆட்டினார். பெண்கள் பதிவோடு சேர்ந்து அழகாகப் பாடினார்கள். என் மனைவி வாயை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்தபடி நின்றாள். மற்றப் பாட்டுகள் முடியும்வரை அப்படியே நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "எனக்கு என்ன நடந்ததப்பா?"

"உமக்கு ஒண்டும் இல்லை. உமக்கு முன்னாலை பெட்டி ஒண்டு வைச்சிருக்க வேணும், உம்மடை குரல் உமக்குக் கேக்கிறதுக்கு. அவர் வைக்கேல்லை. அது அவற்றை பிழை."

"அவர் உப்பிடிப் பிழை விடுறேல்லையே."

"இண்டைக்கு விட்டிட்டார்."

மறுநாள் செயலாளரிடமும் அதையே சொன்னேன். படிப்பித்தவன், அதுவும் பௌதிகவியல் படிப்பித்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஆவணிச் சதுர்த்திக்குக் கோயிலில் வேறு ஒருவர் சவுண்ட் போட்டார். பழையவரிடம் காரணம்கூடச் சொல்லவில்லையாம். அவர் கேட்கவும் இல்லையாம்.

வீட்டில் பாட்டு நின்றுபோனது. அரிசி களையும்போது, துணி காயப்போடும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறவள் அவள். அது இருந்தவரை நான் கவனித்ததில்லை. நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு மௌனமாக இருக்கும் என்று தெரிந்தது. ஒலிப்பதிவுக்கு மிகவும் ஏற்ற வீடாகிவிட்டது. சில நாட்களில் ரி.வி.க்குப் பக்கத்தில் போய் ஒரு காதைப் பொத்தி, பிறகு மற்றக் காதைப் பொத்திப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். பிறகு ஒருநாள், காது கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

நானும் கூடப் போனேன். ஐப்பசி மழை. ஆஸ்பத்திரியின் நீளமான மர வாங்கில் இலக்கத் துண்டோடு உட்கார்ந்து காத்திருந்தோம். உள்ளே போய்ச் சோதித்துவிட்டு வெளியே வந்தாள்.

"காதிலை பிழையில்லையாம். வயசுக்கு நல்லாக் கேக்குதாம்." பக்கத்தில் இருந்தாள். துண்டை நாலாக மடித்தாள். "அப்ப தொண்டையிலைதான் பிழை. இனிமேல் கோயிலிலை வேறை ஆரையும் பாடச் சொல்லுங்கோ. நான் என்ரை பாட்டைச் சொல்லிக் குடுக்கிறன். எனக்கு இனி ஏலாது."

அந்த வாங்கில் வைத்துத்தான் சொன்னேன். சுற்றிவர ஆட்கள். மெதுவாகச் சொன்னேன். நேராக்கியதையும், மூச்சை வெட்டியதையும், பெட்டி வைக்காத கதை பொய் என்பதையும், மூலப்பதிவு இல்லை என்பதையும். சொல்லி முடியும்வரை அவள் துண்டை விரித்தாள், மடித்தாள்.

"பத்து இடத்திலையுமோ?"

"பத்து இடத்திலையும்."

"அது என்ரை அப்பா தள்ளுற இடம்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் ஏறியபின், ஜன்னலைப் பார்த்தபடி விளக்கினாள். கொட்டிலாக இருந்த காலத்தில் ஐயர் கிடையாது. மாமனார்தான் பூசை, மாமனார்தான் பாட்டு, ஊஞ்சலை ஆட்டியதும் அவரே. 'ஊஞ்சல்' என்று வரும்போது குனிந்து தள்ளுவார். குனியும்போது குரல் தாழும். ஊஞ்சல் போகப் போக நிமிர்வார், குரலும் ஏறும். சிறு பிள்ளையாகப் பக்கத்தில் நின்று கேட்டவள், அப்படியே பிடித்துக்கொண்டாள். அதுதான் பாட்டு.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றாள். அவ்வளவுதான் கோபித்தாள். இறங்கும் இடத்தில் மட்டும் ஒன்று சொன்னாள்: "முல்லைத்தீவுக்குப் போய் அந்தத் தம்பியிட்டைச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு என்னோடை கதைக்கலாம்."

அடுத்த நாள் இரண்டு பஸ் மாறிப் போனேன். கடைக்குள் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். எழும்பிக் கதிரையைத் துடைத்துத் தந்து, பிளேன்ரீ சொல்லி அனுப்பினார். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன்.

"தெரியும் சேர்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே. பென் டிரைவைப் போட்டு ஹெட்போனிலை கேட்டன். பத்துப் பாட்டும் ஒரு மூச்சிலை பாடியிருக்கிறா. அக்கா மனுசியோ மீனோ எண்டு யோசிச்சன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் துடைத்துத் தந்த கதிரையில் இருந்துவிட்டேன். "ஏன் அப்பவே ஆருக்கும் சொல்லேல்லை?"

"பாட்டுப் போகேக்கை அக்கா தூணடியிலை நிண்டு கேட்டுச் சிரிச்சுக்கொண்டிருந்தா. நான் என்னெண்டு சொல்லுறது?" திருகாணியைக் கையில் உருட்டினார். "ஊஞ்சல் நாளண்டைக்கு உங்களைப் பாத்தன் சேர். நீங்கள் வேண்டாம் எண்டு தலையாட்டுவியள் எண்டு நினைச்சன்."

அந்தத் தலையாட்டலை அவரும் மறக்கவில்லை.

"பெட்டி வைச்சதோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"வைச்சது. அக்காவின்ரை காலடியிலை. பூமாலை ஒண்டு அதுக்கு மேலை கிடந்தது." தேநீர் வந்தது. என்னிடம் நீட்டினார். "எனக்காண்டிக் கோயிலிலை கதைக்க வேண்டாம் சேர். எனக்கு வேறை இடங்கள் இருக்கு. அக்காவுக்கு அந்தக் கோயில் ஒண்டுதானே. அவவுக்காண்டிக் கதையுங்கோ."

கார்த்திகையில் கோயில் பொதுக்கூட்டம். எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன். முன் வரிசையில் என்னிடம் படித்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். யாராவது திட்டுவார்கள் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். செயலாளர் தாடையைச் சொறிந்தார்.

"அதாலை என்ன மாஸ்டர்? சவுண்ட்காரரை வருசத் திருவிழாவுக்குத் திரும்பப் பிடிப்பம், அது ஞாயம். ஆனால் பாட்டு இப்ப நல்லாத்தானே இருக்கு. பொம்பிளையளும் பழகிட்டினம். லண்டனிலையும் அதைத்தான் போடுகினம்."

சிலர் தலையாட்டினார்கள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். நான் கெடுத்தது ஊருக்குப் பிடித்துவிட்டது; அதை எப்படித் திருப்பி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி களைந்த அரிசியை உலையில் போட்டு முடித்தாள். பிறகு, "திரும்பப் பதிவம்" என்றாள். "ஆனால் நீங்கள் லப்டொப்புக்கு முன்னாலை இருக்கக் கூடாது."

மாசி வரும்வரை காத்திருந்தோம். நெல் வந்தது, அந்த வருடம் நல்ல விளைச்சல், கூடத்தின் மூன்று பக்கமும் தலையுயரத்துக்கு அடுக்கினோம். ஒலிபெருக்கிக்காரர் தன் கணினியோடு வந்தார். அவருக்குக் கதிரை. எனக்கு வெளியே மாட்டுக்கொட்டிலடியில் ஒரு வாங்கு. மோட்டரை நிறுத்தச் சொல்லி அடுத்த வளவுக்குப் போவது, கோழிகளைக் கலைப்பது, இவை என் பொறுப்பு.

"மயில் வந்தால்?" என்று கேட்டேன்.

"மயிலை விடுங்கோ" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

கதவைச் சாத்தினார்கள். அவள் பாடியிருப்பாள். நெல் மூடைகள் தங்கள் வேலையைச் செய்தன; வெளியே எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கோழிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முடிந்து வெளியே வந்தபோது ஒலிபெருக்கிக்காரரின் கண் கலங்கியிருந்தது. "மூச்சு எல்லாம் இருக்கு சேர்" என்று மட்டும் சொன்னார். பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு அவளிடம் கொடுத்தார். அவள் அதை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். என்னிடம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆனித் திருவிழா வந்தது. ஒலிபெருக்கிக்காரர் திரும்ப வந்து, அவள் காலடியில் பெட்டியை வைத்தார். பூமாலை கிடந்தால் எடுத்துவிடும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். எந்தப் பதிவும் போட வேண்டாம் என்று அவளே செயலாளரிடம் சொல்லிவிட்டாள். முதற்பாட்டைத் தொடங்கினாள். 'ஊஞ்சல்' வந்ததும் பெண்கள் பழகியபடி நேராகப் போனார்கள். இவள் கீழே தொட்டு ஏறி அவர்களிடம் போய்ச் சேர்ந்தாள். இரண்டாம் பாட்டிலும் அப்படியே. இந்தமுறை திரும்பிப் பார்க்கவில்லை, நிறுத்தவும் இல்லை. பத்தும் பாடி முடித்தாள். ஏழாம் பாட்டிலிருந்து அவளோடு சேர்ந்து இன்னொரு குரலும் தாழ்ந்து ஏறியதுபோல எனக்கு இருந்தது.

நான் ஒலிபெருக்கிக்காரருக்குப் பக்கத்தில் நின்றேன். "அவவின்ரை மைக்கைக் கொஞ்சம் கூட்டினனீங்களோ?"

"நான் ஒண்டையும் தொடேல்லை சேர்" என்றார். கைகள் மடியில்தான் இருந்தன.

பெண்கள் இன்னும் நேராகத்தான் பாடுகிறார்கள். லண்டனிலும் கனடாவிலும் நான் திருத்தியதுதான் ஓடுகிறது. அழித்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் எழுதினேன். ஏன், நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது.

வீட்டில் அவள் மறுபடி பாடுகிறாள். அரிசி களையும்போது, துணி காயப்போடும்போது. கையில் போனோடு நான் குசினிப் பக்கம் போனால் நிறுத்திவிடுவாள். வெறுங்கையோடு போனால் நிறுத்துவதில்லை.